நான் குடிகாரிங்க

1

சென்ற மாதம் எனக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. வயது நாற்பத்தாறு. ஆனால் தெற்கு ஜெர்மனியில் நான் வசிக்கும் இந்தச் சிறிய ஊரில், செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கூடும் ஒன்பது பேருக்கு நான் இரண்டு வயதுக்காரி. குடியை நிறுத்திய நாளை இவர்கள் 'உலர்ந்த பிறந்தநாள்' என்கிறார்கள். குடிப்பதை விட்டவரை ஜெர்மன் மொழியில் 'ட்ரோக்கன்' என்பார்கள். காய்ந்தவர், ஈரமில்லாதவர் என்று அர்த்தம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெனாட்டே ஆப்பிள் கேக் செய்து இரண்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தார். ஊதினேன், கைதட்டினார்கள். சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தை முடித்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

இதை ஊரில் இருப்பவர்கள் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் எத்தனையோ பிற்பகல்கள் கைபேசியில் தமிழில் தேடியிருக்கிறேன். குடிக்கும் கணவனைத் திருத்துவது எப்படி என்று நிறைய வந்தது. குடிக்கும் பெண் என்று தேடினால் கேலியும் வசவும் வந்தன. ஒரு பெண்ணாவது தன் பெயரைப் போட்டு 'எனக்கு இது நடந்தது' என்று எழுதியிருக்கிறாளா என்று பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. என் பெயர் சுகந்தி. சொந்த ஊர் சூலூருக்குப் பக்கம். எனக்கு இது நடந்தது.

2

பத்தொன்பது வருடங்களுக்கு முன் கல்யாணமான மூன்றாம் மாதம் இங்கே வந்தேன். கணவர் பிரபு மேட்டுப்பாளையத்துக்காரர், இயந்திரப் பொறியாளர். நான் கோவையில் ஜவுளி வேதியியல் படித்தவள். என் பட்டத்தை இங்கே அங்கீகரிக்க விண்ணப்பம் போட்டேன். மதிப்பெண் பட்டியலை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்துக் கொடுத்தால் முத்திரை வேறு மாதிரி இருக்கவேண்டும் என்றார்கள். என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'ஆர்' என்ற ஓர் எழுத்து என்ன, அது குடும்பப் பெயரா, அப்படியென்றால் அப்பாவுக்கும் எனக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்று ஒரு கடிதம் வந்தது. நாலு வருடம் இப்படியே போனது. அதற்குள் நிலா பிறந்தாள். நான் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன்.

வந்த புதிதில் பக்கத்து வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னபோது, வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு அகராதியில் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "இஹ் பின் ஃபோல்." மேஜையே சிரித்தது. 'நான் முழு போதையில் இருக்கிறேன்' என்று அதற்கு அர்த்தமாம். நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அன்றைக்கு வரை நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

ஆரம்பித்தது எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய துக்கம் எதுவும் இல்லை. நிலாவுக்கு நாலு வயது. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். பிரபு வேலையிலிருந்து வர ஏழாகும். இங்கே ஒயின் பால் பாட்டிலுக்கு அடுத்த தட்டிலேயே இருக்கும். ஒரு நாள் சமையல் செய்துகொண்டே ஒரு கோப்பை குடித்தேன். உடம்பு சூடானது, வீட்டின் அமைதி சற்றுத் தூரமாகப் போனது. மறுநாளும் அதே நேரத்துக்கு மனம் அதைத் தேடியது. இரண்டாம் வருடம் பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கும் நிலைக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடியோவில் பேசும்போது எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்காருவேன். "காபி குடிக்கிறயா கண்ணு?" என்று அம்மா கேட்பார். "ஆமாம்மா" என்பேன்.

ஒன்பது வருடம் போனது. பிரபுவுக்குத் தெரியும். இரண்டு வீட்டாருக்கும் தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஒரு மே மாதம் சமையலறையில் விழுந்தேன். தலையில் அடி. பள்ளியிலிருந்து வந்த நிலா ஆம்புலன்சுக்கு போன் செய்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. முகவரி, என் வயது, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். "என்ன நடந்தது?" என்று கேட்டதற்கு, "அம்மா மறுபடியும் குடித்திருக்கிறாள்" என்றும் சொல்லியிருக்கிறாள். 'மறுபடியும்' என்ற அந்தச் சொல்லை ஆஸ்பத்திரித் தாளில் படித்தேன்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். ஒரு படிவம் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: 'வழக்கமாக எந்த நேரத்தில் குடிக்கத் தொடங்குவீர்கள்?' மாலை என்று எழுதினேன். நிலா பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அடித்துவிட்டுப் பிற்பகல் என்று எழுதினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த நிலவறைக்குப் போனேன்.

அங்கே 'நான் குடிநோயாளி' என்று ஜெர்மனில் சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. அந்தச் சொல்லுக்கு என் உடம்பில் எந்த இடமும் கிடையாது. அந்த மொழியில் யாரும் என்னைத் திட்டி வளர்க்கவில்லை.

3

பதினாலு மாதம் குடிக்காமல் இருந்தபோது ஊரிலிருந்து தம்பி செந்தில் போன் செய்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன். நிலாவுக்குக் கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. நானும் அவளும் ஆறு வாரத்துக்குக் கிளம்பினோம். ரெனாட்டே ஒன்று மட்டும் சொன்னார்: "போய் இறங்கிய வாரத்திலேயே அங்கே ஒரு கூட்டத்தைக் கண்டுபிடி."

செந்தில் பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் சிறிய தொழிற்கூடம் வைத்திருக்கிறான். கிளம்புவதற்கு முதல் நாள் மறுபடியும் போன் செய்தான். "அக்கா, வாரப்போ ஏர்போர்ட்டுல ஒரு நல்ல பாட்டில் வாங்கிட்டு வாக்கா. மாமா போன தடவ கொண்டாந்தாரே, அதே." சரி என்றுவிட்டேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான்.

விமான நிலையக் கடையில் அந்த பாட்டிலைக் கையில் எடுத்தேன். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. பதினாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. தம்பிக்காகத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிலா பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல், "திருப்பி வை, அம்மா" என்றாள் ஜெர்மனில். வைத்தேன். செந்திலிடம் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

4

கோவையில் கூட்டத்தைத் தேடியதைத் தனியாகச் சொல்லவேண்டும். இணையத்தில் கிடைத்த முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணை எடுத்தவர் ரியல் எஸ்டேட்காரர். ஒரு முகவரிக்கு நேரில் போனேன். அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை இருந்தது. பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குடிமறுவாழ்வுப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"பேஷன்ட் பேரு சொல்லுங்க மேடம். ஹஸ்பெண்டுங்களா?"

"நான்தாங்க."

"இல்லீங்க மேடம், நீங்க கூட வர்ற அட்டெண்டர். பேஷன்ட் யாருங்க?"

மூன்று தடவை சொன்ன பிறகு அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. பெண்களுக்குத் தனி வார்டு இல்லை என்றாள். வார்டு வேண்டாம், வாரத்துக்கு ஒரு கூட்டம் இருந்தால் போதும் என்றேன். ஒரு படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் 'நோயாளியின் மனைவி அல்லது தாய்' என்று அச்சிட்டிருந்தது.

நாலாவது நாள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். முன்னறையில் கட்டில் போட்டிருந்தோம். காலையிலிருந்து ஒறம்பரை வந்துகொண்டே இருந்தார்கள். வந்த உறவினர்கள் எல்லோரும் அம்மாவின் இடுப்பை விசாரித்த கையோடு என்னை விசாரித்தார்கள். ஏன் இளைத்துவிட்டேன், ஏன் இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை, மகளுக்கு ஏன் தமிழ் சரியாக வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வீடு அடங்கியது. துவைத்த துணியை வைக்க மாடிக்குப் போனேன். செந்திலின் அறை பீரோ பாதி திறந்திருந்தது. உள்ளே பாட்டில்.

எடுத்தேன். மூடியையும் திருகிவிட்டேன். வாசம் வந்தது. இன்னொரு கையால் கைபேசியை எடுத்தேன். இணையத்தில் தேடி எடுத்துவைத்த எண்களில் கூப்பிடாமல் மிச்சமிருந்த ஒன்றை அழுத்தினேன். எடுத்தவரின் குரலுக்குப் பின்னால் லேத் மிஷின் ஓடும் சத்தம்.

"சொல்லுங்."

"குடிய விடறவங்க கூட்டம்னு ஒரு நம்பர் பாத்தனுங்க..."

"ஆமாங்க. சித்தெ இருங்க, மிசினை நிறுத்திப்போட்டு வாரேன்." சத்தம் சுழன்று சுழன்று அடங்கியது. "சொல்லுங் அம்மணி. ஊட்டுக்காரருக்குங்களா?"

"இல்லீங்க."

"பையனுக்குங்களா?"

"இல்லீங்க. எனக்குத்தானுங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

அந்த வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் சரியான கேள்வி அதுதான். "பதினாலு மாசம் ஆச்சுங்க."

"இப்பக் கையில இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"தொறந்துட்டீங்களா?"

"மூடி தொறந்திருக்குது. குடிக்கலீங்க."

"செரி. மூடிய இறுக்கி வெச்சுப்போட்டு ரூமை விட்டு வெளிய வாங்க. போனை வெச்சராதீங்க. பேசிக்கிட்டே படியிறங்குங்க. ஊட்டுல இன்னைக்கு என்னங்க கொழம்பு?"

"கொள்ளுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. கொள்ளை எப்படிக் கடைந்தேன், பூண்டு எத்தனை போட்டேன் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசலுக்கு வந்து, கேட்டைத் திறந்து, தெருமுனை வரை நடந்துவிட்டேன். அவர் பெயர் பழனிச்சாமி. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "ஞாயித்துக்கெழமை காலைல பத்து மணிங்க. வந்துருங்க" என்றார்.

5

அம்மாவிடம் கல்லூரித் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு சிங்காநல்லூர் பஸ் ஏறினேன். குடிப்பதற்காக ஒன்பது வருடம் பொய் சொன்னவள், குடிக்காமல் இருப்பதற்காகவும் பொய் சொல்லவேண்டியிருந்தது. ஒண்டிப்புதூர் தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறையில். சுவரில் எழுத்து அட்டைகள். குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் பெரிய பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பதினோரு பேர் இருக்கும். மில் வேலைக்காரர்கள், ஒரு வாத்தியார், ஒரு கார் டிரைவர். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். இன்னொருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். என் வயது இருக்கும். அவள் மட்டும் என்னை நேராகப் பார்த்தாள்.

என் முறை வந்தது. எழுந்து, பழக்க தோஷத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"தமிழ்ல சொல்லுங்க அம்மணி" என்றார் பழனிச்சாமி. "எல்லாத்துக்கும் புரியோணுமில்லீங்க."

குடிநோயாளி என்று சொல்லலாம். அது ஆஸ்பத்திரிச் சொல். எனக்குத் தெரிந்த சொல் வேறு. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒருத்தியை அப்படிச் சொல்லிக் கல்லெறிந்தார்கள். நானும் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"எம்பேரு சுகந்திங்க. நான் குடிகாரிங்க."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள், நானும்தான். அந்தச் சொல்லுக்குக்கூட ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரித்து முடித்தபோது முதுகிலிருந்து ஏதோ சுமை இறங்கியது போலிருந்தது. ஜெர்மனில் அறுபது எழுபது தடவை சொல்லியும் அப்படி இறங்கியதில்லை.

தேநீர் கொடுக்கும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னைத் தெரியலீங்களா? ஸ்டெல்லாங்க. ரோசம்மா பொண்ணு. எங்கம்மா உங்க தோட்டத்துல களையெடுத்துச்சு."

ரோசம்மாவை நினைவிருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ரோசம்மாவுக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அதுவும் நினைவுக்கு வந்தது. டீயைக் குடித்தேன். ஸ்டெல்லா சூலூரில் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை செய்கிறாள். குடியை விட்டு நாலு வருடம் ஆகிறது.

"உங்களுக்கு எப்படி இத்தன வருசம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குள்ளயே குடிச்சேன்."

"அதுதானுங்க. நான் குடிச்சா ரோடே பாத்துச்சு. உங்களுக்குச் சாத்தறதுக்கு ஒரு கதவு இருந்துருக்குது." குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. கணக்குச் சரிதானே என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

ஜெர்மன் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கமாட்டார்கள். அறிவுரை சொல்லக்கூடாது என்பது விதி. சிங்காநல்லூரில் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே கேள்வி வரும், எந்த ஊர் என்று விசாரிப்பு வரும், வாழைப்பழம் வரும். அந்த வாத்தியார் தினமும் நெல்லிக்காய் சாப்பிடச் சொன்னார். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வாரம் வியாழக்கிழமையே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

6

மூன்றாம் ஞாயிறு என்னால் போக முடியவில்லை. அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இருந்தோம். சொல்லலாம் என்றால் கைபேசி வேலை செய்யவில்லை. என்னுடையது ஜெர்மன் பாஸ்போர்ட். உள்ளூர் முகவரிக்கு அத்தாட்சி போதாது என்று, ஊரில் வாங்கிய சிம் கார்டை நிறுத்திவிட்டார்கள். பிறந்த ஊரில் நான் குடியிருக்கிறேன் என்பதை நிரூபிக்கச் செந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கட்டிலில் அம்மா, பக்கத்தில் நானும் நிலாவும். உள்ளே வந்ததும் ஸ்டெல்லா என் கண்ணைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். நான் எழுந்து நின்ற விதத்தையும் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளுடைய தோள்கள் தளர்ந்தன.

"யாரது?" என்றார் அம்மா.

"நானுங்க, ரோசம்மா பொண்ணுங்க."

"அட, ரோசம்மா பொண்ணா? எங்க புள்ள இந்தப் பக்கம்? இவளை உனக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு சற்றுக் குனிந்தாள். அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. "கடைவீதில பாத்தனுங்க. பழைய துணி ஏதாச்சும் இருந்தா வாங்கிக்கச் சொன்னாங்க. அதுதான் வந்தேன்."

"அதுக்கென்ன. சுகந்தி, பீரோவுல பழைய சேலை ரெண்டு கெடக்குது பாரு, எடுத்துக் குடு."

பீரோவைத் திறந்தேன். சேலை கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்தபடி நின்றேன். சுயமாகச் சம்பாதித்து, நாலு வருடம் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்ட ஒருத்தி, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவளுடைய அம்மா நின்ற இடத்தில், அவளுடைய அம்மா நின்ற மாதிரியே நிற்கிறாள். நான் இந்தச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் வாங்கிக்கொள்வாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். பீரோவைச் சாத்திவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

"அம்மா, ஸ்டெல்லா துணி வாங்க வரலை. சிங்காநல்லூர்ல குடியை விட்டவங்க கூட்டம் நடக்குது. அங்க நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்கார்றோம். நேத்து நான் போகலை. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்து வந்திருக்குறா."

"குடியை விட்டவங்களா? அங்க உனக்கென்ன வேலை?"

"நான் குடிச்சேம்மா. ஒம்பது வருஷம். இப்பப் பதினஞ்சு மாசமாக் குடிக்கலை."

அம்மா என்னைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார். கடைசியாக ஸ்டெல்லாவிடம், "நெசமா புள்ள?" என்றார்.

"நெசந்தானுங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள் கைகள் இப்போது பக்கத்தில் தொங்கின.

அம்மா இடுப்பை அசைக்க முடியாததால் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா கிளம்பப் பார்த்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காரு ஸ்டெல்லா. காபி குடிச்சிட்டுப் போ." நிலா உள்ளே போய் அவளே காபி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் குடித்தோம். அம்மாவின் டம்ளரில் ஆடை கட்டியது.

7

இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நான் சமையலறையில் இருந்தபோது முன்னறையிலிருந்து நிலாவின் குரல் கேட்டது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப்பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா கீழ விழுந்தா. ரத்தம் நிறைய. நான் போன் பண்ணினேன். அப்புறம் அம்மா... நிப்பாட்டினா. ரொம்பக் கஷ்டம். ராத்திரி கை இப்படி ஆடும். ஆனா நிப்பாட்டினா. நான் பாத்தேன்."

'விழுந்தாங்க' என்று சொல்லவேண்டும் என்று அம்மா அவளைத் திருத்தவில்லை. வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "உன்னை நெனச்சா வயிறு எரியுது. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலை."

"எப்படிம்மா சொல்றது?"

அம்மா ஜன்னலைப் பார்த்தார். "இந்தக் கூட்டத்துக்குச் செந்திலைக் கூட்டிட்டுப் போறயா?" என்றார். "பொழுதோட அவன் வண்டிய உள்ள கொண்டாந்து நிறுத்தற சத்தத்தை வெச்சே எவ்வளவு குடிச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். கேட்டா எரிஞ்சு விழுவான். பெத்தவ சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான். நீ சொல்லிப் பாரு."

செந்திலிடம் என் கதை முழுவதையும் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு நம்பினான். பிறகு கோபம் வந்தது.

"நான் தொழில் பண்றவன்க்கா. நாளெல்லாம் மண்டை காயுது. ரெண்டு போட்டாத்தான் தூக்கம் வருது. அதுக்குப் பேரு குடியா?"

"நானும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

"நீ பொம்பளக்கா. உனக்கு அது தப்பு. நானும் நீயும் ஒண்ணா?"

எழுந்து மாடிக்குப் போய்விட்டான். ஆனால் நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, பஸ்ஸில் போகவேண்டாம் என்று அவனே காரை எடுத்தான். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பழனிச்சாமி போய்க் கண்ணாடியைத் தட்டி டீ கொடுத்துவிட்டு வந்தார். கூப்பிடவில்லை. திரும்பும் வழியில் செந்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "உள்ள எல்லாரும் அழுவாங்களா?"

"சில பேர் அழுவாங்க. நெறையச் சிரிப்போம்" என்றேன்.

8

திரும்பி வந்து பத்து மாதம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பிரபுவோடு இன்னும் பேசித் தீர்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. நிலாவுக்குப் பதினைந்து வயது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் கடையிலிருந்து வந்தால் பையைத் தன் கையால் வாங்கிச் சாமான்களை அடுக்குகிறாள். உதவி செய்கிறாளா, சோதிக்கிறாளா என்று கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆகலாம். அம்மா கைத்தடியோடு நடக்கிறார். வீடியோவில் பேசும்போது தன் முகத்தைத் திரைக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்து என்னைப் பார்க்கிறார். ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். ரோசம்மா பொண்ணு என்பதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, இங்கே காலை ஆறரை மணிக்கு, சிங்காநல்லூரிலிருந்து பழனிச்சாமி அண்ணன் கூப்பிடுவார். எல்லோரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு கைபேசியை மேஜைமேல் வைத்துவிடுவார். நான் சமையலறையில் காபியோடு உட்கார்ந்து அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த மாதம் இரண்டு வருடம் முடிந்த செய்தியைச் சொன்னேன். அங்கே கைதட்டல் நிற்கவே இல்லை. வாத்தியார் மறுபடியும் நெல்லிக்காயை ஞாபகப்படுத்தினார்.

கூட்டம் பாதி ஆகியிருக்கும். கதவு திறக்கும் சத்தமும் பெஞ்சு நகரும் சத்தமும் கேட்டன. "வாங்க, உள்ள வாங்க" என்றார் பழனிச்சாமி. வந்தவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். அவன் பிறந்ததிலிருந்து தெரியும்.

"எம்பேரு செந்திலுங்க. சூலூருங்க." மறுபடியும் செருமினான். "நான் ஒண்ணும்... சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "நாங்களும் அப்படித்தான் வந்தோமுங்க. அந்த ஃபேனுக்குப் பக்கத்துல உக்காருங்க."

நான் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அடுத்து அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அம்மாவிடம் சொல்லலாம், பிரபுவை எழுப்பிச் சொல்லலாம். ஆனால் நான் அங்கே கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் பார்க்கிற முகங்களிடம்தான் அவன் பேசவேண்டும்.

பெஞ்சு இன்னொரு தடவை நகர்ந்தது. அவன் மூச்சை இழுத்துப் பேச ஆரம்பித்தான். நான் இணைப்பைத் துண்டித்தேன்.